பற்றை அரைத்த வெளியில் முளைத்த சோளம்

பிள்ளைகளே, என் தங்கச்சி, உங்கள் மாமி, ஏன் தன்னுடைய வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை என்று போன கிழமை சாப்பிடும்போது நீங்கள் கேட்டீர்கள். மாமி பாதியில் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு இதை வாயால் சொல்ல வராது. சொல்லத் தொடங்கினால் பின்னால் நடந்தது முன்னால் வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

மாமியின் வீட்டுக்கு நீங்கள் சின்ன வயதில் வந்திருக்கிறீர்கள். செட்டிபாளையத்தில் நம் வீட்டிலிருந்து வாவியைக் கடந்து மேற்கே போனால் படுவான்கரை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் வட்டைகளைத் தாண்டி, கடைசி வரிசையில் அந்த வீடு. வாசலுக்கு முன்னால் வயல். வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில், பற்றைக் காடு. பற்றை என்றால் பெரிய மரங்கள் நிற்கிற காடு இல்லை. சூரை, காரை, ஈஞ்சு, நாயுண்ணி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, நாய்கூட நுழையாத முட்காடு. பிரச்சினைக் காலத்தில், சண்டைக்குப் பயந்து சனங்கள் ஊரை விட்டு எழும்பிப் போனபோது அது சோளமும் கச்சானும் செய்கிற மேட்டுக்காணியாகத்தான் இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது காணியைக் காணவில்லை, பற்றைதான் நின்றது.

யானைகள் பகல் முழுவதும் அந்தப் பற்றைக்குள் படுத்திருந்துவிட்டு, பொழுதுபட வெளியே வந்து வயலுக்குள் இறங்கும். அங்கே யாரும் அதை யானை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டது போலாகிவிடுமாம். 'பெரியவர்' என்பார்கள். "ராவைக்குப் பெரியவர் வந்திட்டுப் போயிரிக்கார்" என்று, ஏதோ சம்பந்தம் பேச வந்தவரைப் போலச் சொல்வார்கள்.

மாமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் ஊரை விட்டு எழும்பியிருக்கிறோம். குமராக இருந்தபோது இன்னொரு தடவை. கல்யாணம் முடித்து, அந்த வீட்டுக்குக் கல்லடுக்கி, ஓடு போட்டு, குடிபுகுந்த அன்று என்னிடம் சொன்னார், "அண்ணன், இனி என்னத் தூக்கிக்கொண்டு போனாத்தான் இஞ்ச இருந்து போவன்." ஆனால் பெரியவர் அயலில் ஒரு வீட்டுச் சுவரை இடித்து நெல்மூட்டையை இழுத்த பிறகு, உங்கள் மாமா மனம் மாறிவிட்டார். இன்னும் ஒரு மாரி பார்ப்போம், இப்படியே இருந்தால் எழும்புவோம் என்றார். மாமி மாட்டேன் என்றார். பற்றையை அழித்தால் பெரியவருக்கு ஒளிந்திருக்க இடமிருக்காது, ஊருக்குக் கிட்ட வர மாட்டார் என்று ஊர் முழுக்க நம்பியது. பற்றை போனால் மாமி இருக்கலாம். நானும் அதைத்தான் நம்பினேன்.

நான் ஓட்டுகிற மிசினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தென்னந்தோட்டக்காரர் ஒருவர் தோட்டத்துக்குள் பற்றை அழிப்பதற்காக இறக்கிய சின்ன உழவு இயந்திரம் அது. வயல் உழுகிற மிசினை விடக் கட்டையானது, மரங்களுக்கிடையில் கிறுகித் திரும்பி வரும். பின்னால் கலப்பைக்குப் பதில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள்ளே உருளை, உருளை நிறைய இரும்புச் சுத்தியல் பற்கள். இயந்திரத்தின் வேகத்தில் அந்த உருளை சுற்றும்போது, கைத் தடிப்புள்ள மரம்வரை உள்ளே போனது தூளாகத்தான் வெளியே வரும். வெட்டிக் குவிக்க வேண்டாம், காயவிட வேண்டாம், எரிக்க வேண்டாம். மரமும் முள்ளும் இலையும் அந்த இடத்திலேயே அரைபட்டுத் தரைக்குப் பாய் விரித்தது போலக் கிடக்கும். கமக்காரர் சங்கத்தார் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டார்கள். வேலை குறைந்த ஆவணி மாதத்தில் அவர் மிசினையும் என்னையும் அனுப்பி வைத்தார்.

முதல் நாள் காலையில் வட்டவிதானையார் வந்தார். வட்டை முழுவதற்கும் தண்ணீர் முறை, காவல் முறை பார்க்கிறவர் அவர்தான். ஒரு குழையை முறித்துப் பாலை மரத்தடியில் போட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டார். நான் மிசினைப் பின்பக்கமாகப் பற்றைக்குள் விட்டேன். அந்த வேலை அப்படித்தான். முன்னால் ஓட்டிக்கொண்டு போனால் முள் மூஞ்சியில் அடிக்கும். பெட்டியை உயர்த்திப் பற்றையின் தலையில் வைத்து, மெதுவாக இறக்கி, அரைக்க அரைக்கப் பின்னுக்குப் போக வேண்டும். கழுத்தைத் திருப்பியபடியே பகல் முழுக்க இருப்பதால் பொழுதுபட எனக்குத் தலை நேராக நிற்காது. ஊர் முழுக்க வேலியோரம் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, அவவுக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்ட மனுசனையும் ஒருக்காத் தள்ளி எடேன். சோம்பல் எல்லாம் தூளாப் போகட்டும்."

"அக்கா, இதுக்குள்ள பச்சை மரம்தான் போகும். உக்கின கட்டை போட்டாப் பல்லு கெட்டிரும்" என்றேன்.

அவவுடைய மனுசன் வேலியில் சாய்ந்தபடியே, "மெய்தான் தம்பி, நான் உக்கின கட்டைதான். மிசினுக்குப் பொறுப்பு நீ, கவனமா ஓட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பழைய முட்கம்பி உருளையில் சுற்றி இரண்டு மூன்று தடவை நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் உங்கள் மாமா பெட்டிக்குக் கீழே படுத்துக் குறட்டால் கம்பியை நறுக்கி எடுத்தார். பற்றைக்குள்ளிருந்து ஒரு பாழ்கிணறும் யாரோ குடியிருந்த வீட்டு அத்திவாரமும் வெளியே வந்தன. வேலை முடிந்த அன்று கோடியில் நின்று பார்த்தால், வீட்டு வேலியிலிருந்து அந்தப் பக்கத்துப் பெருங்காட்டின் ஓரம்வரை வெளி. முயல் ஓடினாலும் தெரியும். அரைபட்ட பச்சை மரத்தின் மணம் நெஞ்சுக்குள் போனது.

நான் மாமாவிடம் ஒன்று சொன்னேன்: "மச்சான், இது வேரைப் புடுங்காது. தலையத்தான் சிரைக்கும்."

"சிரைச்ச தலையில முளைக்க எத்தின மாசம் செல்லும்?"

"உன்ட தலையப் பாத்தா அடுத்த சென்மம்."

மாமா வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்த ஆவணியில் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே போய் ஒரு தகரப் பேணியோடு வந்தார். அதற்குள் சோள விதை.

"என்ன மச்சான் இது?"

"வெட்டின தரைக்கு விதை காட்டாம விடப்படா. மூதேவி வந்து குந்திரும்."

"பெரியவர் வராம இரிக்கத்தானே வெட்டின நாம? சோளத்தப் போட்டா?"

"ஒரு சிறங்கைதான். தரைட வாயில ஒரு பிடி சோறு வைக்கிற மாதிரி. இந்தச் சிராய்க்குள்ள முளைக்கவா போகுது?"

பிள்ளைகளே, இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தப் பக்கத்தில் காடு வெட்டினால் சேனை செய்வதற்குத்தான் வெட்டுவார்கள். வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலின் மேல் விதைப்பார்கள். தரையைத் திறந்துவிட்டு விதை போடாமல் வருவது, பந்திக்குக் கூப்பிட்டு இலை போடாமல் அனுப்புவது மாதிரி அவர்களுக்கு. எரிக்காத தரையில், மரத்தூளுக்குள் விதை முளைக்கும் என்று யாரும் எண்ணவில்லை. தரையை வெறுமையாக விடாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் கோடியில் ஒரு பிடி வீசினார்கள். சோளம், பயற்றை, பூசணி, கெக்கரி. பக்கத்து வீட்டு அக்கா குரக்கன் வீசினா. மாமா என் கையிலும் கொஞ்சம் போட்டார். நானும் வீசிவிட்டு மிசினை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி மழை பெய்தது. அந்தத் தூள் மழைத் தண்ணீரை விடவில்லை, பிடித்து வைத்துக்கொண்டது. எரித்த சேனையில் நாலு நாள் வெயில் எறித்தால் பயிர் சோர்ந்து போகும். இதில் சோரவே இல்லை. மாமி கைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணன், வந்து பாருங்க. கண்பட்டிரும் போல இரிக்கு."

போய்ப் பார்த்தேன். சோளம் என் தோளுக்கு மேல் நின்றது. கரும்பச்சை. பூசணிக்கொடி பாழ்கிணற்றுக் கட்டின் மேல் ஏறிப் படர்ந்திருந்தது. மாமி கோடிப்பக்கம் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவர் கோடிப்பக்கம் தனியாகப் போனதில்லை. அன்று உடுப்பை ஒவ்வொன்றாக உதறி விரித்துக்கொண்டு, காட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று என்னோடு கதைத்தார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. தங்கச்சி இனி இங்கேயே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

வட்டவிதானையார்தான் முதலில் காலடியைக் கண்டவர். வெளியின் அந்தப் பக்க ஓரத்தில், காட்டுக்குக் கிட்ட, சுளகு அகலத்தில் பதிந்த அடிகள். பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அன்று பின்னேரமே சனத்தைக் கூட்டினார். நானும் போயிருந்தேன்.

"சோளம் பூத்திட்டு. மணம் காத்தில போகுது. நாளைக்கு விடிய எல்லாரும் இறங்கிப் புடுங்குங்க" என்றார்.

எல்லோரும் தங்கள் தங்கள் கோடிப்பக்கம் பார்த்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு அக்கா, "விதானையார், ஒங்கட வளவில காய்ச்சு நிக்கிற தென்னைய முதல்ல புடுங்குங்க. மறுகா நாங்க வாறம்" என்றா.

"தென்னைக்குப் பெரியவர் வரமாட்டாரா கா? வந்தா அதையும் புடுங்கத்தான் வேணும்."

"அப்ப நீங்க தொடங்குங்க, நாங்க பாத்துப் பழகுறம்."

சிரிப்பு எழும்பியது. ஆனால் யாருடைய முகமும் சிரிக்கவில்லை. கடைசியில் மாமி எழும்பினார். "பச்சையில கை வைக்க எனக்கு ஏலா. பொத்தி கட்டிட்டு. கொஞ்சம் முத்தட்டும். முறிச்சு எடுத்துப்போட்டு, தண்டை நாங்களே வெட்டி அழிக்கிறம்." எல்லோரும் அதற்கு ஓம்பட்டார்கள். வட்டவிதானையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் சொல்லிட்டன்" என்று எழும்பிப் போனார். அவர் வீட்டுக் கோடியிலும் சோளம் நின்றது. அவரும் பிடுங்கவில்லை.

பொத்தி முத்துவதற்குள் வந்துவிட்டார்கள். ஒன்று இரண்டு இல்லை, குட்டிகளோடு கூட்டமாக, பொழுது படுகிற நேரத்தில். மாமி கைபேசியில் கூப்பிட்டு, அதைக் கோடிப்பக்கம் நீட்டிப் பிடித்தார். சோளத்தண்டு முறிகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. மாமா யானைவெடியைக் கொளுத்திப் போட்டுக்கொண்டு, "பிள்ளையாரப்பா, போதும்! கிறுகிப் போ அப்பா!" என்று கத்துவதும் கேட்டது. வெடிக்கு அவை திரும்பவில்லை. தின்று முடித்துத்தான் போயின.

சோளத்தோடு முடிந்திருந்தால் ஒரு மாரியோடு மறந்திருக்கலாம். முடியவில்லை. மாமாவிடம் நான் பகிடியாகச் சொன்னது உண்மையாகிவிட்டது. வெட்டின ஒவ்வொரு கட்டையும் வேரிலிருந்து ஐந்தாறு தளிர் விட்டது. முன்பு முற்றி முள்ளாகி நின்ற பற்றையில் அவை தின்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நிழலுக்குப் படுத்திருந்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இப்போது வெளி முழுக்கத் தளிர். தளிருக்கிடையில் கினிப்புல் வந்தது. எங்கிருந்து விதை வந்ததோ தெரியாது. வெயில் பட்டதும் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவை பகலிலேயே நின்று மேயத் தொடங்கின. மாமியின் வேலியிலிருந்து பார்த்தால் காது அசைவது தெரியும்.

மறுபடி மிசினைக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டு போய் அரைத்தேன். புல் முன்பை விட அடர்த்தியாக வந்தது. இன்னொரு தடவை அரைத்தேன். அன்று மாமா மிசினுக்குக் கிட்ட வந்து, பெட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார், "விடு மச்சான். மாட்டுப்பட்டிக்காரன் புல்லுத்தரை வைக்கிற மாதிரித்தான் நாம பெரியவருக்குச் செய்யிறம்." நான் இயந்திரத்தை நிறுத்தினேன். பழைய பற்றையாகவே விட்டுவிடலாமென்றால் அது பற்றையாகத் திரும்ப எத்தனையோ வருடம் செல்லும். வேரோடு கிளறி எறிவதற்குப் பெரிய மிசின் வேண்டும், அது சங்கத்துக்கு எட்டாது. மின்வேலி வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேளாண்மை வெட்டி நெல் வீட்டுக்கு வந்ததும் வீடுகள் இடிபடத் தொடங்கின. முதலில் பக்கத்து வீட்டு அக்காவின் அறை. அவவும் மனுசனும் ஆரையம்பதியில் மகளிடம் போய்விட்டார்கள். போகும்போது வேலியோரம் நின்று மாமியிடம், "இந்த மனுசனத் தூக்கிக்கொண்டு ஓடுறத்துக்கு எனக்கு இனிச் சத்தில்ல கா" என்றாவாம். பகிடிபோலத்தான் சொன்னா. பிறகு மாமியின் குசினிச் சுவர். மாமி, மாமா, அவர்கள் மகள் உங்கள் மச்சாள், மூவரும் அன்று முன்னறையில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். தும்பிக்கை குசினிக்குள் பானைகளை உருட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தார்களாம். மச்சாள் பொழுதுபட்டால் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று நீங்கள் கோபிப்பது எனக்குத் தெரியும். கோபிக்க வேண்டாம்.

பங்குனியில் சின்ன லொறி ஒன்றோடு நான் போனேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனால்தான் என்று சொன்ன மாமி, தானாகவே பெட்டி கட்டி வைத்திருந்தார். மாமா கூரை ஓடுகளைக் கழற்ற ஏணி வைத்தார். மாமி விடவில்லை.

"கூரையில கை வையாதங்க. ஓட்டக் கழட்டினா அது வீடில்ல. வீடு நிக்கட்டும். வாற வருசமோ அதுக்கடுத்த வருசமோ வந்து இரிப்பம்."

"நாம இல்லாட்டி அவர் வந்து இடிப்பார் கா."

"நெல்லு உள்ள இரிந்தாத்தானே இடிப்பார்?"

வீட்டுக்குள் கடைசியாக மிச்சம் இருந்தது விதைநெல். மாமி அந்த மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"விதைநெல்லு கா அது" என்றார் மாமா.

"விதைக்க எங்க போற?"

நான் மூட்டையைப் பிடிக்கப் போனேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். கோடிப்பக்கத்தால் வெளியின் நடுவரைக்கும் தனியாக இழுத்துக்கொண்டு போனார். நெல் காயவிடுகிற படங்கை விரித்து நெல்லை அதில் கொட்டிக் கையால் பரப்பினார். "தின்னட்டும்" என்றார். "வயிறு நிறைஞ்சா சுவரில என்னத்துக்கு முட்டப் போறார்?" பிறகு வந்து எல்லா அறையையும் கூட்டினார். வாசல் கதவைப் பூட்டினார். லொறியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். வாவிப் பாலம் தாண்டும்வரை திறக்கவில்லை.

அந்தக் கிழமையே வேறோர் ஊரார் தங்கள் பற்றையை அழிக்க மிசினைக் கேட்டு வந்திருந்தார்கள். அது என் வேலை, போனேன். அங்கேயும் முதல் நாளே சொன்னேன், அழித்த தரையில் சோளம் போட்டுவிடாதீர்கள் என்று. "சோளமா? சீ, நாங்க என்ன விசரரா? பயறுதான் ஒரு பிடி எறிவம்" என்றார்கள். நான் பெட்டியை இறக்கி அரைக்கத் தொடங்கினேன்.

அதனால் மாமாவும் நானும் வீட்டைப் பார்க்கப் போகச் சில நாள் பிந்திவிட்டது. மோட்டார் சைக்கிளை வட்டை வரம்பிலேயே விட்டுவிட்டு நடந்தோம். படங்கு கிழிந்து புல்லுக்குள் கிடந்தது, ஒரு மணி நெல் இல்லை. வீட்டின் கோடிச்சுவர் விழுந்து கிடந்தது. பக்கச்சுவர்களும் விழுந்து, கூரை அதற்கு மேல் குந்தியிருந்தது. நெல் வைத்திருந்த அறைத் தரையைக்கூடக் காலால் கிளறியிருந்தார். வருடக்கணக்காக நெல் கிடந்த அறையல்லவா, அந்த மணம் சீமெந்துக்குள் ஊறியிருக்கும் போலும். தூரத்தில் கினிப்புல்லுக்குள் ஒன்று நின்று மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி எங்கள் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "உள்ள ஒண்டும் இல்லயே. என்னத்துக்கு இடிச்சவர்?" என்றார். அவர் சோறு போட்டுத் தந்தார், சாப்பிட்டோம். சாப்பிட்ட கோப்பையை எடுக்க வந்தபோது கேட்டார், "முன் கதவு?"

"கதவு நிக்கிது" என்றார் மாமா.

அது மெய்தான். நிலையும் கதவும் மட்டும், பூட்டியபடியே நிற்கின்றன. திறப்புச் சாவி மாமியிடம் இருக்கிறது.